கண்ணாடிக்குப் பின்னால் பைப்

ஜூன் 9, திங்கள்

காலையிலிருந்தே சாரல். தென்காசி முழுக்க குற்றாலம் போகும் கார்கள். அலுவலகத்தில் ஜவுளிக்கடை அண்ணாச்சியின் புது வளாகத்துக்கு வரைபடம். நான்கு மாடி, இரும்புச் சட்டம், முகப்பு முழுக்கக் கண்ணாடி. அருவிக்குப் போகிறவன் பார்த்ததும் காரை நிறுத்த வேண்டும். அவ்வளவுதான் டிசைன். மாடிக்கு ஒன்றாக விற்பனைப் பெண்களுக்குக் கழிப்பறை போட்டேன். யாரும் கேட்கவில்லை. நானாகத்தான்.

ஜூன் 10

தங்கச்சி உலகுக்கு மறுபடி காய்ச்சல், நீர்க்கடுப்பு. அண்ணாச்சியின் பழைய கடையில்தான் நிற்கிறாள். நிற்கிறாள் என்றால் நிற்பதுதான், ஸ்டூல் கிடையாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸ்: "தண்ணி ஒழுங்கா குடிக்கியாட்டி?"

"குடிச்சா போணும்லாக்கா. சூப்பர்வைசர்ட்ட கேக்கணும். எல்லார் முன்னாலயும் சிரிப்பாரு."

வாங்க: மாத்திரை, பார்லி, குடைக்குக் கம்பி.

ஜூன் 12

அண்ணாச்சி வந்தார். வரைபடத்தில் விரல் வைத்து, "இது என்னலே?"

"வேல பாக்குற பிள்ளைகளுக்கு பாத்ரூம், அண்ணாச்சி."

"நாலு மாடியிலயுமா? கண்ணாடிக்குப் பின்னால பைப் எறங்குனா ரோட்டுல போறவனுக்குத் தெரியாதா? பட்டு தெரியணும், அத விரிச்சுக் காட்டுத பிள்ளைக தெரியணும். பைப்பயா காட்டச் சொல்லுத?"

பின்பக்கம் இறக்கலாம் என்றேன்.

"அங்கன என் ரூம்லா. பேஸ்மென்ட்ல ஒண்ணு போடு. பக்கத்துல இருந்தா அங்கனயே கெடப்பாளுவ. லிப்டுலயும் ஏறக்கூடாது, அது கஸ்டமருக்கு."

இன்ஜினியர் சார் சிரித்தார். எனக்குச் சம்பளம் கொடுப்பவர். நானும் சிரித்துவைத்தேன்.

அழிக்க ஒரு பொத்தான் போதும். அந்த இடத்தில் பொம்மைக்குச் சேலை கட்டி நிறுத்துவார்களாம். பொம்மைக்கு மூத்திரம் வராது.

ஜூன் 14, சனி

வேலையை விடலாமா? விட்டால் வேறொருத்தன் வரைவான். இதைத்தான் எல்லா நாயும் சொல்லிக்கொள்கிறது. மழை இல்லை. வெறும் காற்று.

ஜூன் 21

வரைபடம் முடிந்தது. கட்டடத்தின் கலர் படத்தைப் பழைய கடையில் மாட்டியிருக்கிறார்கள். உலகு சாப்பிடும்போது ஒரே சிரிப்பு.

"படத்துல கண்ணாடி எப்பிடி மின்னுது தெரியுமாணே. எங்கண்ணன் வரஞ்சதுன்னு எல்லார்ட்டயும் சொல்லிட்டேன். தொறந்ததும் என்னைய பட்டு செக்‌ஷனுக்கு மாத்துதாங்களாம். எங்களுக்கு பாத்ரூம் எங்கன வச்சிருக்க? கடைப் பிள்ளைக கேக்காளுவ."

"பேஸ்மென்ட்ல."

சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"பட்டு நாலாவது மாடிலாணே."