அக்கா வீட்டுத் தோட்டத்தில் ஊற்றியது

மார்ச் 3, செவ்வாய்

காலையில் அக்கா போன் செய்தாள். "கிணத்துத் தண்ணி என்ன ருசிடா! தண்ணி விக்கிறவர இனிமே வரவேண்டாம்னு சொல்லிட்டேன்." தம்பி கொடுத்த மருந்து மண்ணைச் சுத்தம் செய்துவிட்டது என்று தெரு முழுக்கப் பீற்றிக்கொண்டிருக்கிறாள். மருந்து இல்லை, பாக்டீரியா என்று எத்தனை தரம் சொன்னாலும் மண்டையில் ஏறுவதில்லை.

அவள் வீட்டுக்குப் பின்னால் முன்பு மரக்கிடங்கு இருந்தது. கரையான் அரிக்காமலிருக்கப் பலகைகளை ஆர்செனிக்கில் ஊறவைத்த இடம். அந்த மண்ணிலிருந்தே பிரித்து வளர்த்த பாக்டீரியாவை ஜனவரியில் இரண்டு கேன் நிறையக் கொண்டுபோய் அவள் தோட்டத்தில் ஊற்றினேன். இனிமேல் கிணற்றில் குடிக்கலாம் என்று போன வாரம் சொன்னதும் நான்தான். ஆய்வகத்தில் யாரிடமும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டார்கள்.

சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பொய் சொல்வானேன்?

மார்ச் 9, திங்கள்

அந்த பாக்டீரியாவின் மரபணு வரிசை இந்த வாரம் வந்துவிடும். அதற்குள் ஏன் இப்படிப் பரபரக்கிறேனோ.

மார்ச் 12, வியாழன்

வந்தது. நான் தேடிய மரபணு அதில் இல்லை. ஆர்செனிக்கின் கொடிய வடிவத்தைச் சற்றுச் சாதுவாக்கும் மரபணு இல்லவே இல்லை. இருப்பது வேறு இரண்டு. ஒன்று, மண்ணில் ஒட்டிக்கிடக்கும் ஆர்செனிக்கைத் தண்ணீரோடு சுலபமாக ஓடும் கொடிய வடிவமாக மாற்றுகிறது. மற்றது, அதைச் செல்லுக்கு வெளியே தள்ளும் பம்பு. பாக்டீரியா பிழைத்துக்கொள்ளும். சுற்றியிருப்பவர்கள் பாடு?

இவ்வளவு விஷத்தில் உயிரோடு இருக்கிறதே என்று தலையில் தூக்கிவைத்து ஆடினேன். விஷத்தைத் தாங்குவதும் நீக்குவதும் ஒன்றா? முதலாண்டு மாணவனுக்குக்கூடத் தெரியும்.

ஆனால் அன்று சோதனைத் தட்டு பழுப்பாகத்தானே இருந்தது?

மார்ச் 13, வெள்ளி

பாக்டீரியா வளர்ந்த தட்டில் சில்வர் நைட்ரேட் ஊற்றினால் நிறம் வரும். பழுப்பு வந்தால் சாது, மஞ்சள் வந்தால் கொடியது. தோட்டத்துக்குக் கொண்டுபோகும் முன் சோதித்த அன்று, ஊற்றிவிட்டு டீ குடிக்கப் போனேன். தட்டு ஜன்னலோரம், நல்ல வெயிலில். திரும்பி வந்தால் பழுப்பு. பக்கத்து மேசைக்காரி எதையும் இரண்டு தரம் உற்றுப் பார்ப்பாள், அதனால் அவளுக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் அன்றே சொன்னாள்: "நான் பாக்கும்போது மஞ்சளா இருந்துச்சே." "கண்ணாடிய மாத்து" என்று சிரித்தேன்.

வெளிச்சம் பட்டால் சில்வர் நைட்ரேட் தானாகவே கருக்கும். தெரியாதா எனக்கு? இன்று புதுத் தட்டில் ஊற்றிவிட்டு நகராமல் நின்றேன்.

மஞ்சள்.

ஐயோ, அக்காவும் அவ பொண்ணும் அந்தத் தண்ணியத்தானே குடிக்கிறாங்க—

போன் செய்தேன். "சும்மா ஒரு சோதனைக்கா. ரெண்டு நாள் கிணத்துத் தண்ணி வேண்டாம்." சரிடா என்றாள். அவ்வளவுதான் சொன்னேன். மிச்சத்தை மென்று முழுங்கினேன்.

மார்ச் 15, ஞாயிறு

சோதனைக்குத் தண்ணீர் எடுக்கப் போனேன். அடுப்பில் பாத்திரம் நிறையத் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. "நீ சொன்னியேன்னு கொதிக்கவச்சுத்தான் குடிக்கிறோம்" என்றாள் அக்கா, ஏதோ எனக்கு நல்லது செய்துவிட்டவள் போல.

கொதித்தால் ஆர்செனிக் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் அடர்த்தியாகும். அக்கா மகள் டம்ளரோடு நின்றாள். பிடுங்கிக் கொட்டினேன். பயந்துவிட்டது பிள்ளை. பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், டீ குடிக்கப் போனது உட்பட.

கத்துவாள் என்று நினைத்தேன். "அப்ப வெள்ளிக்கிழமையே உனக்குத் தெரியும்?" என்று மட்டும் கேட்டாள்.

தெரியும்க்கா.

மார்ச் 18, புதன்

கிணற்றில் ஆர்செனிக் அனுமதித்த வரம்பைப் போல நான்கு மடங்கு. இதில் கிடங்கு விட்டுப்போனது எவ்வளவு, நான் கிளப்பிவிட்டது எவ்வளவு? ஊற்றுவதற்கு முன் அளந்திருந்தால் தெரியும். அளக்கவில்லை. பழியை மொத்தமாகக் கிடங்கின் தலையில் கட்டிவிடலாம் என்று ஒரு நிமிடம் தோன்றியது. தூ.

துறைத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். சாவியை வாங்கிக்கொண்டார். விசாரணை முடியும்வரை ஆய்வகம் பக்கம் வரக்கூடாது. பூதக்கண்ணாடி ஒரு வார்த்தை குத்திக்காட்டியிருக்கலாம். காட்டவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

அக்கா, அவள் மகள் இருவருடைய சிறுநீர்ச் சோதனை முடிவும் இரண்டாம் முறை வந்துவிட்டது. "தண்ணிய நிறுத்துனதும் நல்லா குறைஞ்சிருக்கு. பயப்பட ஒண்ணுமில்ல" என்றார் டாக்டர். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது. அக்கா அழவில்லை.

வீட்டில் கொண்டுவிட்டேன். வாங்கி வைத்திருந்த பழப்பையை நீட்டினேன். அவள் கை நீட்டவில்லை.

"நீ வா, சாப்பிடு, நாலு நாள் இரு. நான் வேண்டாம்னு சொல்லல. ஆனா இனிமே எங்களுக்கு எதையும் குடுக்காதடா."

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சரிக்கா என்றேன். பழத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தேன்.