மேலே லாக், கீழே எல்என்

ஜெலாப்பாங்,
12.6.1983

அன்புள்ள அப்பாவுக்கு, தவமணி வணக்கத்துடன் எழுதுவது. நான் சுகம். உங்கள் முழங்கால் வலி தேவலையா? அம்மாவின் இருமல்?

பகலில் தொழிற்சாலை, மாலையில் வகுப்பு. நேற்று வகுப்புப் பரீட்சையில் ஒரு கூத்து. இரண்டின் எத்தனையாவது அடுக்கு ஐந்து என்று கேள்வி. ஐந்தின் மடக்கையை இரண்டின் மடக்கையால் வகுக்க வேண்டும். நான் கால்குலேட்டரில் ஐந்துக்குப் பத்தடிமான 'லாக்' பொத்தானையும், இரண்டுக்கு இயல் மடக்கையான 'எல்என்' பொத்தானையும் அழுத்திவிட்டேன். விடை ஏறக்குறைய ஒன்று என்று வந்தது. இரண்டின் இரண்டாம் அடுக்கே நான்காயிற்றே என்று தாளைக் கொடுத்த பிறகுதான் உறைத்தது.

பக்கத்து மேசை செல்லாச்சி சிரித்தாள். "ரெண்டு பொத்தான்ல எத அழுத்தினாலும் சரிதான்லா. மேல ராத்தல், கீழ கிலோன்னு கலந்தா எப்படி வரும்?"

இது சின்னப் பரீட்சைதான், கவலைப்படாதீர்கள். ஆசிரியர் பயிற்சிக்குப் போக உதவும் பெரிய பரீட்சை நவம்பரில்தான். அதில் கலக்கமாட்டேன்.

ஒரு உதவி அப்பா. இங்கேயும் கை தானாக நம் வீட்டுக் கணக்கில் நாலு பால் டின் அரிசி போட்டுவிடுகிறது. சோறு மிஞ்சிப் போகிறது. ஒரு ஆளுக்கு எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு எழுதுங்கள்.

வேலை பஸ் வந்துவிட்டது.

மகள்,
தவமணி