வீட்டுக்கு ஒரு பெயர்

விழிதியூர்,
செவ்வாய்க்கிழமை முற்பகல்

அன்புள்ள மகன் கார்த்திகேசனுக்கு அப்பா எழுதுவது. டெல்லிக் குளிரில் இருமல் சளி எதுவும் இல்லாமல் வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டு இருப்பாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனா போகிறது, பழக்கதோஷம், ஆனால் உன் அம்மாவுக்கு நெற்றியில் ஆறு தையல், எனக்கு இடது காறை எலும்பு முறிந்து கையைக் கழுத்தோடு தூக்கிக் கட்டியிருக்கிறது, அது போக சுகம்தான். கடலில் சின்னத் தகராறு, எல்லாம் அடங்கிவிட்டது என்று உன் தங்கை கீர்த்திகா போனில் சொல்லியிருப்பாள். அப்படிச் சொல்லச் சொன்னது நான். அம்மா பூவம் ஊரில் கீர்த்திகா வீட்டில் இருக்கிறாள், நான் இங்கே என் சிநேகிதர் தெட்சிணாமூர்த்தியின் வயலில் மோட்டார் கொட்டகையில் இருக்கிறேன். நம் ஊரில் இப்போது ஆண்பிள்ளை என்று ஒருவனும் இல்லை, செல்லைத் திறந்தால் போலீஸ் இடத்தைக் கண்டுபிடித்துவிடும் என்று எல்லோரும் அணைத்து வைத்திருக்கிறோம், அதனால்தான் இந்தக் காலத்தில் உனக்குக் கடிதம். சீனாவுக்குப் போக நீ கேட்ட சர்டிபிகேட் எல்லாம் இதோடு இருக்கின்றன. பன்னிரண்டாம் வகுப்பு மார்க் ஷீட்டின் மூலையில் ஒரு பழுப்புக் கறை இருக்கும், தேய்த்து எடுக்கப் பார்க்காதே, தாள் கிழிந்துவிடும். அது உன் அம்மாவின் ரத்தம். டிகிரி சர்டிபிகேட்டில் படவில்லை, நான் இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டேன்.

நடந்ததை அப்படியே எழுதிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி நீ கேட்க வேண்டாம். போன வியாழக்கிழமை காலை ஒன்பது மணி இருக்கும், வடக்கூர்க்காரர்கள் சுருக்குமடி வலையைக் கொண்டுவந்து நம் ஆட்கள் வலை விட்டிருந்த இடத்திலேயே வளைத்தார்கள். குஞ்சு குளுவான் எல்லாவற்றையும் அரித்துக்கொண்டு போகிற வலை, தடை போட்டும் விடுகிறார்கள், கேட்கப்போன நம் படகை அவர்கள் படகால் மோதினார்கள். மேலத்தெரு இளவேனில் விழாமல் இருக்க ஓரத்தைப் பிடித்தான், இரண்டு படகுக்கும் நடுவே கை மாட்டி நான்கு விரல் நசுங்கிப் போயிற்று. அப்புறம் துடுப்புதான் பேசியது. நம் பையன்கள் அவர்கள் படகில் ஏறி மிதித்து இரண்டு பேரைக் கடலில் தள்ளி வலையைக் கத்தியால் கிழித்துவிட்டு வந்தார்கள். கரையில் நாங்கள் அவர்களுக்குக் கைதட்டினோம் என்பதையும் எழுதிவிட வேண்டும். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, நாற்பது ஐம்பது பேர் கரைக்கே வந்து இறங்கினார்கள், கையில் கோடாலி, இரும்புக் குழாய். மணலில் கிடந்த என்ஜின்களைப் போட்டு உடைத்தார்கள், வீடு வீடாகப் புகுந்து டி.வி., பீரோ, கறிச்சட்டி வரைக்கும் நொறுக்கினார்கள். உன் அம்மா வாசல் வரை ஓடி வந்தவள் உன் ஃபைல் ஞாபகம் வந்து திரும்ப உள்ளே போயிருக்கிறாள். அரிசி டிரம்முக்குள் இருந்த ஃபைலை எடுத்து மாரோடு அணைத்துக்கொண்டு வெளியே வரும்போது ஒரு செங்கல் வந்து நெற்றியில் அடித்தது. விழுந்தாள், ஃபைலை விடவில்லை.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. தெரியவில்லை என்று எழுதுவது பொய், நன்றாகத் தெரியும், கொல்ல வேண்டும் என்று வந்தது. நம் வாசலுக்கு எதிரே சிவப்பு பனியன் போட்ட ஒருவன் குனிந்து நம் என்ஜினைக் கோடாலியால் வெட்டிக்கொண்டிருந்தான், உன் வயதுதான் இருக்கும். கல்லை எறிந்தது அவன்தானா என்றுகூட நான் பார்க்கவில்லை. துடுப்பை இரண்டு கையாலும் ஓங்கி அவன் பின்மண்டையில் இறக்கினேன். அவன் சத்தம்கூடப் போடாமல் முகம் மணலில் பட விழுந்தான். சந்தோஷமாக இருந்தது. உனக்கு இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அந்த நேரத்தில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவனை அப்படியே விட்டுவிட்டு அம்மாவைத் தூக்க ஓடினேன். விழுந்து கிடந்தவனைச் செந்தில்குமார் வந்து இடுப்பில் இரண்டு மிதி மிதித்தான். ஊரார் கண்ணில் பட்டது அந்த மிதிதான், அதற்கு முன்னால் நடந்ததை யாரும் பார்க்கவில்லை.

செந்தில்குமாரை உனக்குத் தெரியும், காசியம்மாவின் மகன், குடித்துவிட்டுத் தெருவில் கத்திக்கொண்டு போவானே அவன்தான். ஏன் அவன் நம் வீட்டைப் பார்த்து மட்டும் காறித் துப்புகிறான் என்று நீ ஒருமுறை கேட்டாய், குடிகாரனுக்குக் காரணம் வேண்டுமா என்று நான் உன்னை அதட்டினேன். காரணம் இருந்தது. நம் ஊரில் அடிதடி நடந்து போலீஸ் வந்தால் இத்தனை பேர் வேண்டும் என்று கேட்பார்கள், பஞ்சாயத்தார் கூடி வீட்டுக்கு ஒரு பெயர் என்று பட்டியல் கொடுப்பார்கள், கையெழுத்து நன்றாக இருக்கிறது என்று இருபது வருஷமாக அதை எழுதுகிறவன் உன் அப்பன். இதில் ஒரு கெட்டிக்காரத்தனம் வைத்திருந்தோம். வெளிநாட்டில் இருக்கிற பையன்களின் பெயரைத்தான் முதலில் எழுதுவோம், ஊரில் இல்லாதவனை யார் பிடிக்கப் போகிறார்கள், எண்ணிக்கை நிரம்பிவிடும், யாருக்கும் நஷ்டமில்லை என்று சிரித்துக்கொண்டே எழுதுவோம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அப்படித்தான் சிங்கப்பூரில் இருந்த செந்தில்குமாரின் பெயரை எழுதினேன். அவன் தங்கை கல்யாணத்துக்கு வந்தவனைத் திருச்சி ஏர்போர்ட்டிலேயே பிடித்தார்கள். நாற்பத்தொரு நாள் உள்ளே இருந்தான், அடி வாங்கி ஒரு காது கேட்காமல் வந்தான், பாஸ்போர்ட் முடங்கிவிட்டது, வேலை போயிற்று, நிச்சயம் பண்ணியிருந்த பெண்ணும் போய்விட்டாள். அந்தச் சண்டை நடந்த அன்று அவன் இந்த நாட்டிலேயே இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கோயில் மண்டபத்தில் கூடினோம். போலீஸ் முப்பது பெயர் கேட்டிருந்தது. பஞ்சாயத்துத் தலைவர் திருஞானசம்பந்தம் ஒவ்வொரு வீடாகச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன், பதினாறு பெயர் ஆயிற்று. நம் வீடு வந்ததும் அவர் உன் பெயரைச் சொன்னார். சீனாவுக்குப் போகிறவனைப் பிடிக்க எந்த ஏட்டு சீனாவுக்குப் போகப்போகிறான் என்றார், கூட்டமே சிரித்தது. நான் எழுதவில்லை. இன்னும் அவன் போகவில்லை, போலீஸ் சான்று வாங்கினால்தான் விசா, அந்த விசாரணை பாஸ்போர்ட்டில் இருக்கிற நம் ஊர் விலாசத்துக்குத்தான் வரும், பெயர் ஏறினால் அவன் வாழ்க்கை முடிந்தது என்று சொன்னேன். என் கை நடுங்கியது எனக்கே தெரிந்தது. அப்போதுதான் பெண்கள் பக்கத்திலிருந்து காசியம்மா எழுந்து வந்தாள். கத்தவில்லை, சாதாரணமாகத்தான் கேட்டாள். "எம் புள்ள பேர எழுதுனப்ப ஒன் கை நடுங்கலயே. இப்ப மட்டும் ஏன் நடுங்குது?"

தம்பி, அதைக் கேட்டதும் எனக்குக் கோபம்தான் வந்தது. பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டு என் பெயரை எழுதுங்கள், இல்லாதவன் பெயர் ஒன்றுகூட இனிமேல் எழுதக்கூடாது என்று கத்தினேன். ஊருக்கு மனு எழுதுகிறவன் நீ, வெளியே இருக்க வேண்டும், இவன் மகனுக்கு மட்டும் தனிச் சட்டமா என்று ஆளுக்கு ஆள் எகிறினார்கள், ஒருவன் என் சட்டையைப் பிடித்தான், நான் அவன் வாயில் குத்தினேன். செந்தில்குமார் பெஞ்சைத் தூக்கி என் தோளில் போட்டான். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. தலையில் கட்டோடு இருந்த உன் அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து செருப்பைக் கழற்றி அவன் முகத்தில் மாறி மாறி அடித்தாள், நான்கு பெண்கள் பிடித்து இழுத்தும் நிறுத்தவில்லை. அவன் தடுக்காமல் வாங்கிக்கொண்டு நின்றான். உதட்டில் ரத்தம் வழிய வழிய, தலைவர் பக்கம் திரும்பிச் சொன்னான். "கார்த்தி பேர எழுதாதீங்க. அவனாச்சும் போவட்டும்." வேறொருவன் பட்டியலைத் திரும்ப எழுதினான், நம் வீட்டுக்கு என் பெயர்.

இதற்கு நடுவே உன் வேலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நம் பேச்சையே சென்னைக்காரன் இழுவை என்கிறான், நீ சீனாக்காரப் பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் சொல்லித்தரப் போகிறாய், எனக்கு அதில் பெருமைதான். ஆனால் அங்கே பிள்ளைகள் மேல் கை வைக்காதே. ஏழாம் வகுப்பில் நீ இங்கிலீஷில் பதினொரு மார்க் வாங்கி வந்த அன்று உன்னைத் தூணில் கட்டி நைலான் கயிற்றால் விளாசினேன், முதுகில் இன்னும் தழும்பு இருக்கும். நான் அடித்த அடியில்தான் அவனுக்கு இங்கிலீஷ் வந்தது என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். வரவில்லை. அந்த நபீசா டீச்சர் சாயந்திரம் சாயந்திரம் உன்னை உட்கார வைத்துச் சொல்லித் தந்ததில் வந்தது. நான் அடித்ததில் என்னைக் கண்டால் ஒதுங்குகிற பழக்கம்தான் உனக்கு வந்தது. விசாவுக்கு எடுக்கிற மெடிக்கலில் முதுகைப் பார்த்து என்ன என்று கேட்டால் சின்ன வயதில் அடிபட்டது என்று சொல்லிவிடு.

இப்போது முக்கியமான சமாசாரம். அந்தச் சிவப்பு பனியன் பையன் முந்தாநாள் ஆஸ்பத்திரியில் இறந்துவிட்டான். தெட்சிணாமூர்த்தி டீக்கடையில் கேட்டுவிட்டு வந்து சொன்னார். அவன் பெயர் ராஜசேகராம், கல்யாணமாகி ஏழு மாதமாம். பின்மண்டை உடைந்து உள்ளே ரத்தம் கட்டிவிட்டது என்று டாக்டர் சொன்னாராம். இனி இது அடிதடி கேஸ் இல்லை, கொலைக் கேஸ். திருஞானசம்பந்தம் எனக்கு ஆள் அனுப்பியிருந்தார், நீ வாயைத் திறக்காமல் இரு, முதல் குற்றவாளியாகச் செந்தில்குமாரைக் கொடுத்துவிடலாம் என்று ஊர் முடிவு செய்துவிட்டது, அவன் மிதித்ததை எல்லோரும் பார்த்தார்கள், அவனுக்கு வேலையா குடும்பமா, என்ன போகப்போகிறது என்றாராம். அவனைக் கேட்டதற்கு அவனும் நானாகத்தான் இருக்கும் என்று சொல்லிவிட்டானாம். மிதித்தது இடுப்பில். மண்டையில் அடித்தது நான்.

நேற்று முழுக்க நான் யோசித்தேன், நல்லவனாக யோசித்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. பேசாமல் இருந்தால் என்ன என்றுதான் முதலில் யோசித்தேன். நீ விமானம் ஏறுகிற வரைக்குமாவது இருக்கலாமே, உன் அம்மாவுக்கு யார் இருக்கிறார்கள், கீர்த்திகாவுக்கு இது ஏழாம் மாதம், இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தேன். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது, எட்டு வருஷத்துக்கு முன்னால் இருந்தது போலவே. காசியம்மாவின் பிள்ளையை இன்னொரு தடவை என்னால் உள்ளே அனுப்ப முடியாது. நாளைக் காலை கோர்ட்டுக்குப் போய் நான்தான் என்று சொல்லப்போகிறேன். அப்பன் மேல் கேஸ் இருந்தாலும் மகனுடைய சான்றை நிறுத்த முடியாது என்று ஒரு வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். நேற்று ராத்திரி இருட்டோடு பூவத்துக்குப் போய் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் அழவில்லை, பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து என் மேல் எறிந்தாள், பிறகு கட்டு நனைந்துவிட்டதா என்று தொட்டுப் பார்த்தாள்.

நீ வராதே. ஜாமீன், வக்கீல், அம்மாவின் தையல் எதற்காகவும் வராதே. வந்தால் நம் ஊரில் கால் வைக்கிற முதல் ஆண்பிள்ளை நீதான், வடக்கூர்க்காரன் கையில் சிக்கினால் ரத்தத்துக்கு ரத்தம் என்று வெட்டுவான், போலீஸ் கையில் சிக்கினால் எண்ணிக்கையில் சேர்ப்பான். அதையும் மீறி வந்தால், ஒரு கை கட்டில் இருந்தாலும் இன்னொரு கை நன்றாகத்தான் இருக்கிறது, உன் காலை உடைத்து நானே ரயிலேற்றி அனுப்புவேன். போலீஸ் சான்றுக்கு இந்த வாரமே பணம் கட்டிவிடு, தள்ளாதே. மெடிக்கல் எக்ஸ்ரேவுக்கு முந்தின நாள் நன்றாகத் தூங்கு. நீ போகிற செங்டு ஊரில் குளிர் நம் ஊர்க் குளிர் போல இருக்காதாம், டெல்லியிலேயே நல்ல கம்பளிச் சட்டை இரண்டு வாங்கிக்கொள். அங்கே போனதும் அம்மாவுக்கு வாரத்துக்கு ஒரு முறையாவது முகம் தெரிகிற மாதிரி பேசு, அவள் நெற்றித் தழும்பைப் பற்றிக் கேட்காதே.

நீ நீண்ட ஆயுளோடு, யார் கையாலும் அடிபடாமல், யாரையும் அடிக்காமல் வாழ வேண்டும் என்று உன் அம்மா திரிபுரசுந்தரியும் நானும் ஆசீர்வதிக்கிறோம். கவர் கைக்குக் கிடைத்ததும் கீர்த்திகாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. இந்த வாரத்தில் உன் பெயரை நான் எழுதிய காகிதம் இந்தக் கவர் ஒன்றுதான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ராஜ்மோகன்