பச்சை ஓட்ஸ்

பிப்ரவரி 4, செவ்வாய்

காலையில் பீன்ஸ் பாத்திக்குத் தண்ணீர் விடப் போனவள் முழங்கால்வரை மண்ணுக்குள் இறங்கிவிட்டேன். கால் பிசகவில்லை, தப்பித்தேன். பார்த்தால் புது முயல் வளை. நேற்று அந்த இடத்தில் ஒன்றுமில்லை. வளையின் வாய் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது. இருபதாயிரம் லிட்டர். அடியில் குடைந்துகொண்டே போனால் ஒருநாள் அது என் படுக்கையறைச் சுவர்மேல்தான் சாயும்.

எண்ணினேன். பதினொரு வாய். பீட்ரூட் மொத்தமும் மொட்டை. கிரெக் இருந்திருந்தால் “அதுங்களுக்கும் வயிறு இருக்குல்ல” என்பான். அவன் என்னை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது. பெர்த்தில் வேறொருத்தியின் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பான்.

பிப்ரவரி 6, வியாழன்

கார்மெனுவை ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப்போய் வந்தேன். இதய வால்வு மாற்றியதிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அவருக்கு மாத்திரை. கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து என்று இரண்டு வாரத்துக்கொருமுறை ரத்தம் உறைகிற எண்ணைப் பார்க்கிறார்கள். அவர் மனைவி டோரிஸுக்குக் கார் ஓட்டத் தெரியாது. பக்கத்து வீடு என்று எனக்கு இருப்பது இந்த இரண்டு பேர்தான்.

மாலையில் கார்மெனு ஃபெரெட்டைக் கூடையில் தூக்கிக்கொண்டு வந்தார். வளை வாய்களில் வலை கட்டிவிட்டு, கீரி மாதிரி இருக்கும் அந்தப் பிராணியை உள்ளே விட்டால் முயல்கள் தலைதெறிக்க ஓடிவந்து வலையில் விழும். மூன்று விழுந்தன. நாலாவது கொழுத்த பெட்டை. அதை எடுத்துத் தடவிப் பார்த்துவிட்டு மறுபடியும் வளைக்குள்ளேயே விட்டார்!

“என்ன பண்றீங்க கார்மெனு?”

“குட்டி போடப்போகுது பொண்ணே. எல்லாத்தையும் இன்னிக்கே புடிச்சிட்டா ஈஸ்டருக்கு என்னத்தச் சாப்பிடறது?”

“என் தோட்டம் என்ன உங்க பண்ணையா?”

“பின்ன? தீனி உன்னோடது, கறி என்னோடது. நல்ல கூட்டு!”

சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் எரிந்தது. மால்டாவிலிருந்து வந்து ஐம்பது வருஷம் ஆகியும் முயல் கறி இல்லாத ஞாயிறு அவருக்கு ஞாயிறு இல்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கார்மெனுவும் டோரிஸும் அடிலெய்டில் மகள் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். மார்ச் ஐந்தாம் தேதிதான் வருவார்கள். நல்ல சமயம்.

கடையில் விஷம் தோய்த்த ஓட்ஸ் வாங்கினேன். யாரும் தெரியாமல் தொட்டுவிடக் கூடாதென்று பச்சைச் சாயம் போட்டிருக்கிறது. கடைக்காரி என் பெயர், முகவரியெல்லாம் எழுதிக்கொண்டாள்.

“பக்கத்து வீட்டுக்கு முன்னாடியே சொல்லிடணும். போர்டும் வைக்கணும்.”

“அவங்க ஊர்ல இல்ல.”

“போன் இருக்குமே?”

இருக்கிறது. செய்யவில்லை. செய்தால் “பொறு, நான் வந்துடறேன்” என்பார். போர்டைத் தெருப்பக்கம் மட்டும் நட்டேன். வேலிப்பக்கம் யார் இருக்கிறார்கள் பார்க்க?

பிப்ரவரி 19, புதன்

வெறும் ஓட்ஸ், மூன்றாவது தடவை. முயல்களுக்குச் சந்தேகம் வராமலிருக்க முதலில் இப்படிப் பழக்கவேண்டுமாம். ஒரு மணிகூட மிச்சமில்லை. என்னைக் கண்டால் இப்போது ஓடுவதுகூட இல்லை. எனக்குத்தான் பார்க்க முடியவில்லை.

பிப்ரவரி 21, வெள்ளி

இன்று பச்சை.

பிப்ரவரி 24, திங்கள்

இரண்டாவது முறை. கையுறைமேல் கையுறை போட்டும் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுகிறேன்.

பிப்ரவரி 27, வியாழன்

எலுமிச்சை மரத்தடியில் ஒன்று கிடந்தது. மூக்கில் ரத்தம், கண் திறந்தபடி. உடம்புக்குள்ளேயே ரத்தம் கசிந்து சாகும் விஷம் என்று பொட்டலத்தில் போட்டிருந்தது. படித்துவிட்டுத்தானே வைத்தேன்? ஆழமாகத் தோண்டிப் புதைத்தேன்.

பிப்ரவரி 28, வெள்ளி

பல்லாரட், அக்கா வீடு. ஞாயிறு திரும்புவேன். இரண்டு நாள் அந்தத் தோட்டத்தைப் பார்க்காமல் இருந்தால் போதும்.

மார்ச் 2, ஞாயிறு

கடவுளே.

மதியம் மூன்று மணிக்கு வந்து இறங்கினால் அவர்கள் முற்றத்தில் கார். மகளின் காராம். பெட்டியைக்கூட நான் உள்ளே வைக்கவில்லை, டோரிஸ் மூடிபோட்ட கிண்ணத்தோடு வந்துவிட்டாள்.

“வெள்ளிக்கிழமை ராத்திரியே மக கொண்டுவந்து விட்டுட்டா. மாமனாருக்கும் மருமகனுக்கும் ரெண்டு வாரத்துக்குமேல ஆகாது, தெரியாதா உனக்கு? இந்தா, சூடா சாப்பிடு. நேத்து உன் தோட்டத்துல நாலு புடிச்சாரு. ஃபெரெட்டே வேண்டியிருக்கல, கையாலயே தூக்கினாராம். வெயில்ல மயங்கிக் கிடந்துச்சாம்.”

வாங்கிக்கொண்டேன். ‘நன்றி’ என்றுகூடச் சொன்னேன்.

“நீங்க சாப்பிட்டீங்களா டோரிஸ்?”

“நான் எங்க முயல் தொட்டேன்? சமைக்கறதோட சரி. மகளும் தொடமாட்டா, இப்ப ஊருக்குக் கெளம்பறா. அவருதான் ரெண்டு தட்டு. மீதி நாளைக்கு.”

அப்போதே சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. அவள் முகத்தைப் பார்த்ததும் கிண்ணத்தோடு உள்ளே போய்விட்டேன். கிண்ணத்தில் இருந்ததைக் குழி தோண்டிப் புதைத்துவிட்டேன். அவர் மாத்திரை செய்கிற வேலையைத்தான் இந்த விஷமும் செய்கிறது. இரண்டும் சேர்ந்தால்?

மார்ச் 3, திங்கள்

வேலிக்கு அப்பாலிருந்து கூப்பிட்டார். நன்றாகத்தான் இருக்கிறார்.

“லோர்னா, இந்த வறட்சில எங்க மேயவிட்ட? வயித்தக் கிழிச்சா உள்ள பச்சைப் பசேல்னு இருக்கு! ஊர்ல ஒரு புல்லு கெடையாது!”

சிரிக்கிறார். நானும் சிரித்தேன். நான் என்ன மனுஷி?

வியாழக்கிழமை ரத்தப் பரிசோதனை இருக்கிறது, ஏதாவது இருந்தால் அதில் தெரிந்துவிடும் — இதையே காலையிலிருந்து எனக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஒரு துண்டுக் கறியில் எவ்வளவு விஷம் இருந்துவிடப்போகிறது? அவர் சாப்பிட்டது ஒரு துண்டா? மாலை அவர்கள் சமையலறையிலிருந்து பூண்டும் ஒயினும் மணத்தது. மீதியைச் சூடு பண்ணுகிறாள். எழுந்து கதவுவரை போனேன். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன்.

சொன்னால் இந்த வேலிக்கு அந்தப் பக்கம் எனக்கு யாரும் இருக்க மாட்டார்கள். போலீஸ் வருமோ? அதற்கும் பயம். அவர் செத்துப்போவாரோ என்ற பயத்தை மூன்றாவதாக எழுதுகிறேன் பார்!

மார்ச் 4, செவ்வாய்

தக்காளி கொடுக்க வந்தார். முன்கையில் கத்திரிக்காய் நிறத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ரத்தக்கட்டு. “கேட்டுல லேசா இடிச்சுது. பல்லு வெளக்கினா ஒரே ரத்தம் வேற, பிரஷ்ஷ மாத்தணும்” என்றார்.

அதற்குமேல் முடியவில்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டு கொட்டினேன். அவர் திட்டவில்லை. தக்காளிக் கூடையைக் கீழே வைத்தார்.

“ஞாயித்துக்கிழமையே தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“நேத்து நான் சிரிச்சப்போ?”

“தெரியும் கார்மெனு.”

என் காரை நோக்கி நடந்தார். “வண்டிய எடு. டோரிஸ்கிட்ட இப்ப ஒண்ணும் சொல்லாத, அவ தாங்கமாட்டா.”

மருத்துவமனையில் ஓட்ஸ் பொட்டலத்தை டாக்டர் மேஜையில் வைத்தேன். ரத்தப் பரிசோதனையில் எண் மூன்றில் இருக்கவேண்டும். ஒன்பதில் இருந்தது.

மார்ச் 5, புதன்

தலையில் ரத்தக்கசிவு இல்லை. இந்த ஒரு வரியை நான்கு முறை கேட்டுவிட்டேன். விஷமுறிவு மருந்து கூடினால் வால்வில் ரத்தம் கட்டிவிடுமாம், அதனால் துளித் துளியாகத்தான் கொடுக்கிறார்கள். டோரிஸிடம் “மாத்திரைய ரெண்டு தடவ போட்டுட்டேன்” என்று சொல்லியிருக்கிறார். அவள் கட்டிலருகே உட்கார்ந்து மாதாவைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு அவரைத் திட்டுகிறாள். அவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். நான் வாசலில் நின்றேன்.

மார்ச் 10, திங்கள்

வீட்டுக்கு வந்துவிட்டார். டோரிஸ் என்னைக் கட்டிக்கொண்டாள்.

“அன்னிக்கு நீ மட்டும் கையப் பாக்கலேன்னா அவரு இல்ல. கோயில்ல உன் பேருக்கு மெழுகுவத்தி ஏத்தியிருக்கேன்.”

இது, சொல்லாமல் கதவுவரை போய்த் திரும்பிய அந்தத் திங்கட்கிழமையைவிட மோசம்.

மார்ச் 11, செவ்வாய்

டோரிஸிடம் சொல்லிவிட்டேன். இன்று காலையிலும் மாத்திரைக்காக அவர் வாங்குகிற திட்டு வேலிவரை கேட்கிறது, அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியாது. அவர் “வேண்டாம்” என்று கண்ணைக் காட்டினார். நான் நிறுத்தவில்லை.

கடைசிவரை கேட்டாள். “ரெண்டாம் நாளும் அவருக்குப் பரிமாறினேனே. என் கையால” என்றாள். அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை. உட்காரவும் சொல்லவில்லை.

மார்ச் 15, சனி

தோட்டத்தில் ஒரு முயல்கூட இல்லை. வளைகளை மண்போட்டு மிதித்தேன். வேலியருகே யாரும் வரவில்லை.

மார்ச் 20, வியாழன்

இனி டாக்ஸி வைத்துக்கொள்வார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். ஆனாலும் வழக்கம்போல் காரில் போய் உட்கார்ந்திருந்தேன், ஒன்பது மணிக்குக் கதவு திறந்தது. கார்மெனு முன்னால் ஏறினார். பின்னால் டோரிஸ், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு. இத்தனை வருஷத்தில் அவள் வந்ததே இல்லை. போகும்போதும் பேசவில்லை, வரும்போதும் பேசவில்லை.

வீட்டு வாசலில் நிறுத்தியதும் பின்னாலிருந்து ரத்தப் பரிசோதனைச் சீட்டை நீட்டினாள்.

“படி.”

“மூணு.”

“இன்னொரு தடவ படி.”

“மூணு, டோரிஸ்.”

சீட்டை வாங்கி, மடித்து, கைப்பையில் வைத்து மூடினாள். “அடுத்ததும் வியாழக்கிழமைதான். ஒன்பது மணி” என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.