நான் எழுதினேன், நீ பேசினாய்

இன்று காலை லிஃப்ட் வாசலைத் துடைக்க வந்த பெண் புட்டியைத் திறந்ததும் அமோனியா வாடை மூக்கில் ஏறியது. வாடகைக்கு வந்திருக்கும் பக்கத்து வீட்டுச் சென்னைப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு கதவை மூடினாள். நான் அங்கேயே நின்றேன். நம் கையுறைத் தொழிற்சாலையில் ரப்பர் பால் கட்டிப்போகாமலிருக்க இதைத்தானே ஊற்றி வைப்பார்கள். வாடையோடு சேர்ந்து நீயும் வந்தாய். நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. செத்தவள்மேல் யாராவது பொறாமைப்படுவார்களா? நான் படுகிறேன்.

நம் இடத்தை இப்போது பார்த்தால் உனக்கு அடையாளம் தெரியாது. தொழிற்சாலைக் கழிவு விழுந்து கிள்ளான் ஆறு வெள்ளையாக ஓடிய கரையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். நாம் வேலை செய்த இடத்தில் மூன்று கொண்டோ குடியிருப்புக் கோபுரங்கள். ஷா ஆலமுக்கும் கோலாலம்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் மாலையில் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு அங்கே ஓடுகிறார்கள். அந்தக் காலத்தின் மிச்சமாக இருப்பது, நமக்கென்று பின்னாளில் ஒதுக்கிக் கட்டிக்கொடுத்த அடுக்குமாடி மட்டும்தான்.

உன்மேல் எனக்கு எப்போது எரிச்சல் தொடங்கியது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். ஒரே வரிசையில் நின்று, அச்சிலிருந்து சூடாக வரும் கையுறைகளை உருவினோம். ஆனால் சூப்பர்வைசருக்கு உன் பெயர் இரண்டாம் நாளே தெரிந்திருந்தது, என் பெயர் ஆறு மாதம் கழித்தும் தெரியவில்லை. தீபாவளிக்கு நாம் ஒரே துணியில் சுடிதார் தைத்தபோது எல்லோரும் உன்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். என் வீட்டுக்காரரே ஒருநாள், "அவங்க பேசினா கேட்டுக்கிட்டே இருக்கலாம் லா" என்றார். அன்று அவருக்குக் குழம்பில் உப்பு கூடிப்போனது.

பிறகு தொழிற்சாலையை மூடப்போவதாக அறிவித்தார்கள். ஆற்றோரத்தில் கம்பெனி கொடுத்த வீடுகளையும் காலி செய்யச் சொன்னார்கள். நாற்பது குடும்பங்களுக்குப் போக்கிடம் இல்லை. நான் ஐந்தாம் படிவம், அதாவது பதினோராம் வகுப்பு வரை படித்தவள், நீ ஆறாம் வகுப்போடு நின்றவள். அதனால் மாற்று வீடு கேட்டு மனு எழுதும் வேலை எனக்கு வந்தது. சாப்பாட்டு நேரத்தில் கையுறைப் பெட்டியின் அட்டையில் எழுதிப் பார்த்து, அடித்துத் திருத்தி, பள்ளிக்கூட மலாயில் இரண்டு பக்கம் எழுதி முடித்தேன். கம்பெனி அதிகாரிகள் கூட்டிய கூட்டத்தில் நானே வாசிக்கலாம் என்று எல்லோரும் சொன்னார்கள். மேடைக்குப் பக்கத்தில் போனதும், இத்தனை பேர் முன்னால் என்னால் ஆகாது என்று திரும்பிவிட்டேன். காகிதத்தை உன் கையில் திணித்தேன்.

நீ முதல் பத்தியைத் தட்டுத்தடுமாறி வாசித்தாய். பிறகு காகிதத்தை மடித்து வைத்துவிட்டு, ரசாயனம் தின்று தோல் உரிந்திருந்த உன் இரண்டு கைகளையும் வந்திருந்த அதிகாரிகள் முன்னால் நீட்டினாய். "துவான், ஊருக்கெல்லாம் கையுறை செஞ்சு கொடுத்தோம். எங்க கை இப்படி இருக்கு. இந்தக் கையோட எங்கள எங்க போகச் சொல்றீங்க?" என்று சந்தையில் பேசும் பாசார் மலாயில் கேட்டாய். அவ்வளவுதான்.

வீடு கட்டித் தர ஒப்புக்கொண்டார்கள். எல்லோரும் உன்னைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். மனு என்னுடையது என்று பார்த்தவர்களிடமெல்லாம் நான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஆனால் வீட்டை வாங்கித் தந்த அந்தப் பேச்சு என் மனுவில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதுதான் பொறுக்கவில்லை.

குலுக்கலில் உனக்கு ஆற்றைப் பார்த்த மூலை வீடு. எனக்கு ஐந்தாம் மாடியில், கார் நிறுத்துமிடத்தைப் பார்த்த வீடு. அன்று குழாயடியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னேன். "கம்பெனிக்காரங்ககிட்ட தனியா பேசி வாங்கிட்டாளாம்." யாரோ சொல்லிக் கேட்டதுபோல் 'வாங்கிட்டாளாம்' என்று முடித்தேன். ஒரு வாரத்தில் அது எல்லா வீட்டுக்கும் போய்விட்டது.

நீ பால் காய்ச்சிய அன்று வாசலில் செருப்பே இல்லை. பெரிய அண்டாவில் பாயசம் அப்படியே இருந்தது. நான் வந்தேன். என்ன முகத்தோடு வந்தேன் என்று இன்றும் தெரியவில்லை. கிண்ணத்தை என் கையில் கொடுத்து, "நீயாவது வந்தியே" என்றாய். நான் குடித்தேன். இரண்டாவது கிண்ணமும் குடித்தேன். அடுத்த வருஷமே நீ மகளோடு போர்ட் கிள்ளானுக்குப் போய்விட்டாய்.

உன் சாவுக்கு வந்தபோது உன் மகள் என்னைத் தனியாக அழைத்துப்போய் உட்காரவைத்தாள். "அந்தப் புரளி யார் கிளப்பினதுன்னு அம்மாவுக்கு அப்பவே தெரியும் ஆன்டி" என்றாள். நான் தரையைப் பார்த்தேன். அவள் கோபமில்லாமல் தொடர்ந்தாள். "உங்க மனுவ அம்மா வச்சிருந்தாங்க. எழுத்துக்கூட்டிப் படிப்பாங்க. 'அவ மாதிரி எழுத எனக்கு வரலியே, அவளப் பாத்தா எனக்கு வயிறு எரியும்'னு சொல்லுவாங்க."

உன்னிடம் மறைக்க என்ன இருக்கிறது. நீ கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த அந்த வீட்டில் எனக்கு ஒரு நொடி சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது.

திரும்பி வந்த வாரமே, நம் பழைய ஆட்களில் இங்கே மிச்சமிருக்கும் மூன்று பெண்களைத் தேடிப்போய் நான் அன்று சொன்னது பொய் என்று சொன்னேன். ஒருத்திக்கு நினைவே இல்லை. ஒருத்தி, "இப்ப சொல்லி என்னாக்கா?" என்று தொலைக்காட்சிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உன் எதிர்வீட்டில் இருந்தவள் மட்டும், "அவ பால் காய்ச்சின அன்னிக்கு நான் கதவ சாத்திட்டு உள்ள உக்காந்திருந்தேன்" என்றாள்.

எனக்கு இருந்த அதே எரிச்சல் உனக்கும் இருந்திருக்கிறது. நீ அதை வயிற்றிலேயே வைத்துக்கொண்டு எனக்குப் பாயசம் ஊற்றிக் கொடுத்தாய். அது எப்படி உன்னால் முடிந்தது? இந்த வயதில் எனக்கு உன்மேல் மிச்சமிருக்கும் பொறாமை அது ஒன்றுதான். குறையவே மாட்டேன் என்கிறது.