ஒரு காது பாட்டுக்கு, ஒரு காது ஷெல்லுக்கு

எனக்கு முன்னால் இருந்து சைக்கிள் மிதித்த என் அன்புச் சின்னம்மாவுக்கு,

உங்கள் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்துவிட்டது. அன்று பகிர்ந்த சிறு புத்தகத்தில் உங்கள் படம் சரியாக விழவில்லை. மை பரவி, உங்களுக்கு மீசை வைத்ததுபோல இருக்கிறது. நீங்கள் கண்டிருந்தால் வேலை செய்யும் கந்தோருக்குக் கொண்டுபோய் எல்லோருக்கும் காட்டிச் சிரித்திருப்பீர்கள். படத்துக்குக் கீழே, ‘ஷெல் வீச்சில் அகால மரணமடைந்தார்’ என்று ஒரு வரி. அதோடு நிறுத்திவிட்டார்கள். மிச்சத்தை நான் எழுதுகிறேன்.

மின்சாரமும் இல்லை, பற்றறியும் வருவதில்லை என்று ஊரே வாயை மூடிக்கொண்டிருந்தபோது, நீங்கள் சைக்கிள் டைனமோவில் இருந்து வயர் இழுத்து அந்தச் சின்னக் கசெற் பெட்டியைப் பாடவைத்தீர்கள். நீங்கள் வேகமாக மிதித்தால் பாடகர் குழந்தையாவார். களைத்தால் பேயாவார். சந்தியில் காலை ஊன்றினால் செத்துப்போவார். கந்தோருக்குப் போகும் வழியில் என்னைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிடும்வரை அவர் எத்தனை தடவை செத்துப் பிழைப்பார்!

பாட்டுக் கடை மூடியபோது வாங்கிய கசெற்றுகளின் லேபிள்களை நீங்கள் தண்ணீரில் ஊறவைத்து உரித்த நாளில் எனக்கு அழுகை வந்தது. நான் அவற்றைப் பெயர்வாரியாக அடுக்கிவைக்க ஆசைப்பட்டிருந்தேன்.

“எது வருமெண்டு தெரியாமல் கேட்டால்தான் அது பாட்டு. தெரிஞ்சு கேட்டால் அது பாடம்,” என்றீர்கள்.

அன்று முதல் அது என் வேலையானது. காலையில் கண்ணை மூடிக்கொண்டு பைக்குள் கையைவிட்டு ஒரு கசெற்றை எடுக்க வேண்டும். பேனையை அதன் ஓட்டைக்குள் செருகி, நீங்கள் ‘போதும்’ என்று சொல்லும்வரை சுற்ற வேண்டும். பிறகு எங்கே தொடங்குகிறதோ அங்கே பாட்டு. தேவாரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு கூத்துப்பாட்டு வரும். நீங்கள் இரண்டுக்கும் ஒரே மாதிரித்தான் தலையை ஆட்டுவீர்கள்.

பெட்டியின் வயரில் இரண்டு குமிழ்கள் இருந்தன. ஒன்று உங்கள் காதில், மற்றது பின்னால் கரியரில் இருந்த என் காதில். ஆளுக்கு ஒரு காதைத் திறந்துவைத்தோம். ஆமி முகாமில் இருந்து ஷெல் புறப்படும்போது தூரத்தில் ஒரு குத்துச் சத்தம் கேட்கும். அது வந்து விழுவதற்குள் படுத்துவிடலாம். உங்கள் காதில் காற்று இரையும். உங்கள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கியிருந்த எனக்குத்தான் அந்தச் சத்தம் முதலில் கேட்கும். கேட்டதும் உங்கள் முதுகில் குத்துவேன். அடுத்த கணம் இருவரும் வாய்க்காலுக்குள்.

சுன்னாகம் சந்தைக்குக் கிட்ட, அந்தச் சந்தியில் வெங்காயம் நிறுத்துக் கட்டுகிறவர்களையும் நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். முப்பது தாண்டியும் கலியாணம் கட்டாமல், காதில் பாட்டோடு ஒரு பெண் வேலைக்குப் போவது அவர்களுக்குக் காலைச் சாப்பாடு.

“பாட்டுக்காரி, மாப்பிள்ளை அந்தப் பெட்டிக்குள்ளையோ?”

“ஓம். உங்களை மாதிரியில்லை. இவரின்ரை வாயை மூட அமத்திற கட்டை ஒண்டு இருக்கு!”

அதற்குப் பிறகுதான் அவர்களில் ஒருவரான தம்பிராசண்ணை புதுப் பகிடி கண்டுபிடித்தார். எங்களைக் கண்டதும், “ஷெல் வருது! படு, படு!” என்று கத்துவார். முதல் நாள் நாங்கள் உண்மையாகவே விழுந்தோம். என் முழங்கால் உரிந்தது. அவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அடுத்தடுத்த நாட்களில் நீங்கள் திரும்பிப் பார்ப்பதையே விட்டுவிட்டீர்கள். ஒரு கையை உயர்த்திக் காட்டிவிட்டுப் போவீர்கள். அவர்களும் அலுக்காமல் ஒவ்வொரு நாளும் கத்தினார்கள்.

பிறகு நான் பெரியபிள்ளையானேன். பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் தந்து என்னை மூலை அறைக்குள் இருத்தினார்கள். பள்ளிக்கூடம் இல்லை. துடக்கு என்று யாரையும் எதையும் தொடக்கூடாது. நீங்கள் யன்னலுக்கு வந்து கசெற்றையும் பேனையையும் நீட்டினீர்கள்.

“சுத்தித் தாடி. நான் சுத்தினால் எனக்குப் பிடிச்சதிலைதான் போய் நிக்கும்.”

“சின்னம்மா, துடக்கு.”

“பாட்டுக்கு என்னடி துடக்கு?”

சுற்றித் தந்தேன். கிணற்றடியில் நின்ற அம்மா அதைக் கண்டுவிட்டார். நீங்கள் தனியாகப் போனீர்கள். சந்தி தாண்டி மதகடியில் ஷெல் விழுந்தது.

உங்களைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோதும் என்னை வெளியே விடவில்லை. கதவிடுக்கால் உங்கள் பாதங்கள் மட்டும் தெரிந்தன. பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். ஆனால் பேச்சு முழுவதும் கேட்டது. கேட்பதற்குத்தானே என்னைப் பழக்கினீர்கள்?

“சந்தியிலை நிண்டவை கத்தினவையாம். இவள் இரண்டு காதையும் அடைச்சுக்கொண்டு போனவளாம். பாட்டுக் கேட்டுச் செத்தவள் இந்த ஊரிலை இவள் ஒருத்திதான்,” என்றார் பக்கத்து வீட்டு மணியக்கா.

“அவளிலை என்ன பிழை? பெட்டை சாமத்தியப்பட்ட நேரம் அப்பிடி. உயிர் கேக்கிற நேரமெண்டு சாத்திரியார் சொன்னவர்,” என்றது இன்னொரு குரல்.

“நேரம் மட்டுமே? துடக்குக் கையாலை சுத்தியெல்லோ குடுத்தவள்.”

அது அம்மாவின் குரல், சின்னம்மா.

அதற்குப் பிறகு அம்மா என் கையால் தேத்தண்ணிகூட வாங்கிக் குடிக்கவில்லை. எனக்கு ஒன்று மட்டும் தெரியவேண்டியிருந்தது. நான் பின்னால் இல்லாத அன்று, என் பங்குக் குமிழையும் எடுத்து நீங்கள் மற்றக் காதில் வைத்தீர்களா? வெளியே போகலாம் என்றானதும் நேரே சந்திக்குப் போனேன். உங்களைத் தூக்கியவர் தம்பிராசண்ணைதான். வெங்காயத்தாளைக் கிள்ளிக்கொண்டே, என் முகத்தைப் பாராமல் கதைத்தார்.

“ஒரு காதிலைதான் இருந்தது, பிள்ளை. மற்றது பின்னாலை கரியரிலை கொழுவிக் கிடந்தது.”

“அப்ப நீங்கள் கத்தினது கேட்டிருக்கும்.”

“கேட்டது. கையைத் தூக்கிக் காட்டினவ.” அடுத்த பிடியைக் கையில் எடுத்தார். “ஒவ்வொரு நாளும் பகிடிக்குச் சொன்னதை அண்டைக்கு உண்மையாச் சொன்னனாங்கள்.”

“பிறகேன் ரெண்டு காதும் அடைச்செண்டு ஊரெல்லாம் சொன்னனீங்கள்?”

“வேறை என்னத்தைச் சொல்லச் சொல்லுறாய்? செத்தவவுக்கு இனி நோகப்போகுதே?”

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் சொன்னேன். சொன்னால் என்னைக் கட்டிப்பிடிப்பார் என்று நினைத்தேன். புத்தகங்களில் அப்படித்தான் நடக்கும். அம்மா அரிவாளைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“வாயைப் பொத்து. அடுத்த கிழமை எங்கடை தோட்டத்து வெங்காயம் கிண்டவேணும். அதை ஆர் வாங்கிறது? அவங்கள்தானே? உன்ரை நேரமெண்டு இருந்திட்டால் ஒருத்தருக்கும் நட்டமில்லை.”

ஒருத்தருக்கும். நான் அந்தக் கணக்கில் இல்லை. நீங்கள் இருந்திருந்தால் அம்மாவுக்கு என்ன பதில் சொல்லியிருப்பீர்கள்?

இனி வீட்டுச் செய்தி. உங்கள் சைக்கிளின் முன் சில்லை நிமிர்த்தியாயிற்று. இப்போது அதில் நான்தான் பள்ளிக்கூடம் போகிறேன். பெட்டியில் ஒரு மூலை உடைந்தாலும் அது பாடுகிறது. கசெற் நின்ற இடத்திலேயே நின்றது. நீங்கள் கேட்காமல் விட்ட மிச்சப் பாட்டை முதல் நாள் நான் கேட்டேன். அது நல்ல பாட்டில்லை, சின்னம்மா. யாரோ ஒருவர் விக்கி விக்கிச் சிரிக்கிற பகிடிப் பாட்டு. என் கைக்குக் கிடைத்தது அதுதான்.

நேற்று அந்தச் சந்தியைக் கடந்தேன். ஒரு குமிழ் என் காதில், மற்றது பின்னால் கரியரில். கொஞ்சம் தள்ளிப் போனதும் முதுகுக்குப் பின்னால் புதுக்குரல் ஒன்று கேட்டது. தம்பிராசண்ணையின் குரல் இல்லை.

“சின்னப் பாட்டுக்காரி! ஷெல் வருது, படு!”

சிரித்தார்கள். ஆம், சின்னம்மா, அதற்குள் சிரிக்கத் தொடங்கிவிட்டார்கள்.

நான் கையை உயர்த்தவில்லை. சைக்கிளைப் போட்டுவிட்டு, வெள்ளைச் சட்டையோடு நடுறோட்டில் குப்புறப் படுத்தேன். தலைக்குமேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டேன். வாய்க்குள் செம்மண் போனது. பாடகர் செத்துப்போனார். சிரிப்பு ஒவ்வொன்றாக நின்றது. யாரோ ஓடிவந்தார்கள். தம்பிராசண்ணைதான்.

“எழும்பு, பிள்ளை. அது பகிடி.”

“பகிடியோ எண்டு பாத்து எழும்பிறதுக்குள்ளை விழுந்திடும், அண்ணை.”

ஒரு ஷெல் வந்து விழ எவ்வளவு நேரம் எடுக்குமோ, அவ்வளவு நேரமும் படுத்திருந்தேன். அவர் பக்கத்தில் நின்றார். கையில் இருந்த வெங்காயத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார். சந்தியில் தராசுத் தட்டு ஆடுவதுகூடக் கேட்டது.

சின்னம்மா, அவர்கள் எத்தனை தரம் பொய்யாகக் கத்தினாலும் அத்தனை தரமும் அவர்களுடைய கண்ணுக்கு முன்னால் படுப்பேன். சட்டை சிவந்தால் தோய்ப்பேன். அம்மா அடித்தால் அடிக்கட்டும். நாளைக்கும் அந்த வழியால்தான் போவேன், கண்ணை மூடிக்கொண்டு எடுத்த கசெற்றோடு.

உங்கள் முதுகில் குத்த அன்று வராத,
உங்கள் பெறாமகள்.