தேதி வெட்டாத கல்

அம்மா,

இன்று காலை காற்று தெற்கிலிருந்து அடித்தது. எங்கள் ஊர் வெரிபீக்குத் தெற்கே தோட்டங்களில் புரொக்கோலி வெட்டி முடிந்து, மிஞ்சிய தண்டுகளை மண்ணோடு சேர்த்து உழுகிற காலம். அந்த அழுகல் மணம் வீதிகளையெல்லாம் தாண்டி எங்கள் குசினிக்குள் வந்துவிட்டது. யன்னலைச் சாத்தப் போன உங்கள் மருமகள் ஹெலன் கையைப் பிடியில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு சாத்தாமலே வந்துவிட்டாள். "மண் வேலை செய்யுது, சாத்தாதை பிள்ளை" என்று அவளிடம் எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். உங்கள் தமிழில் அவளுக்கு முழுதாக விளங்கிய வசனங்களில் அதுவும் ஒன்று.

அடுத்த கிழமை உங்கள் ஆட்டத் திவசம். நீங்கள் போய் ஒரு வருடம் முடியப் போகிறது. உங்களுக்குக் கொள்ளி வைப்பது யார் என்ற கேள்வியோடுதான் நீங்கள் கண்ணை மூடினீர்கள். அதற்கு என்ன நடந்தது என்பதை உங்களிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

தகப்பனுக்கு மூத்த மகனும் தாய்க்கு இளைய மகனும் கொள்ளி வைப்பது எங்கள் வழக்கம். அப்பாவுக்கு நான் வைத்திருக்க வேண்டும். வன்னியில் ஷெல்லடியில் அப்பா போனபோது நான் இங்கே காய்கறிச் சந்தையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தேன். நீங்களும் தம்பி ரூபனும் அவரைப் பதுங்குகுழிக்குள்ளேயே வைத்து மூடிவிட்டு நடந்தீர்கள். சண்டை முடிந்தபோது சோதனைச் சாவடியில் ராணுவத்தினர் ரூபனை ஒரு பேருந்தில் ஏற்றினார்கள். விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம் என்றார்கள். அதை நம்பி, "ஏறு ராசா" என்று முதுகில் தட்டி அனுப்பியது நீங்கள். அந்தப் பேருந்து எங்கே போனதென்று இன்றுவரை ஒருவரும் சொல்லவில்லை. வெளிநாட்டுக்குப் போன நான் இருக்கிறேன். உங்களோடு நின்றவனைக் காணவில்லை.

உங்களை இங்கே கூப்பிட்டுக்கொண்ட பிறகு நம் வீட்டில் ஒரு சட்டம் இருந்தது. அப்பாவின் படம் சாமி அறையில், மாலையோடு. ரூபனின் படம் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில், எங்கள் கலியாணப் படத்தோடு, உயிரோடு இருப்பவர்களின் வரிசையில். ஒருநாள் தூசு தட்டும்போது ஹெலன் அதைத் தவறுதலாகச் சாமி அறையில் வைத்துவிட்டாள். நீங்கள் அதை எடுத்துக்கொண்டு வந்து பழைய இடத்தில் வைத்துவிட்டு, அன்று மத்தியானம் சாப்பிடாமல் படுத்துக்கொண்டீர்கள். அவன் செத்துப்போனான் என்று எனக்குத் தெரியும் அம்மா. எல்லோருக்கும் தெரியும். உங்களிடம் சொல்லத்தான் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

அப்போதுதான் ஹெலன் தன் பூர்வீகத்தைத் தேடத் தொடங்கினாள். எச்சிலை ஒரு குழாயில் துப்பி அனுப்பினால் உலகத்தில் யார் யார் சொந்தம் என்று சொல்கிற வேலை. அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன் பொன் தேடி இந்த நாட்டுப் பலராட்டுக்கு வந்தவர் என்பது மட்டும்தான் அவர்கள் குடும்பத்துக்குத் தெரியும். எங்கிருந்து வந்தார், யாருடைய பிள்ளை, ஒன்றும் தெரியாது. நான் விளக்கிச் சொன்னதும் நீங்கள் கதிரையை இழுத்துக்கொண்டு கிட்ட வந்தீர்கள்.

"அப்ப இதில துப்பினால் ஆளைக் கண்டுபிடிக்கலாமோ?"

"அந்த ஆளும் துப்பியிருந்தால்தான் அம்மா."

"ரூபன் எங்கையாவது ஒரு நாட்டில இருந்து துப்பியிருப்பான். அவனுக்கு இதெல்லாம் விருப்பம்."

உங்களுக்கும் ஒரு குழாய் வந்தது. எச்சில் துப்புவதற்கென்று தலை தோய்ந்து, திருநீறு பூசி, வெறும் வயிற்றோடு வந்து உட்கார்ந்த ஒரே ஆள் உலகத்தில் நீங்களாகத்தான் இருக்கும். வாய் காய்ந்திருந்தது. குழாயின் கோடு வரைக்கும் வரவில்லை. ஹெலன் எலுமிச்சம்பழத்தை வெட்டி முகத்துக்கு முன்னால் பிடித்தாள். நான் சிரித்தேன், நீங்களும் சிரித்தீர்கள். பிறகு மூடியைத் திருகிவிட்டு அந்தக் குழாயை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டீர்கள். எனக்குச் சிரிப்பு அதோடு நின்றுவிட்டது.

உங்களுக்குக் கிடைத்தது ரொறொன்ரோவில் ஒரு தூரத்துச் சொந்தம். அந்தப் பிள்ளை தன் கலியாணத்துக்கு வரச்சொல்லி எழுதியிருந்தது. ஹெலனுக்குக் கிடைத்ததோ ஒரு முழுக் குடும்பம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வாசிக்க, நான் தமிழில் சொல்ல, நீங்கள் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டீர்கள். அமெரிக்காவில் வெர்மொண்ட் என்ற குளிர்ப் பிரதேசத்தில், மலைச்சரிவில் தோட்டம் செய்த எலியா என்பவரின் குடும்பம் அது. ஆயிரத்து எண்ணூறுகளில் நடந்தது. அங்கே பனி உருகுகிற ஒவ்வொரு வருடமும் நிலத்துக்குள்ளிருந்து புதிது புதிதாகக் கல் கிளம்புமாம். விதைக்கு முன்னால் கல்லைப் பொறுக்க வேண்டும். "அப்ப அந்த மனிசன் கல்லைத்தான் விளைவிச்சிருக்கிறார்" என்றீர்கள். காய்ச்சலில் சிறுசுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போக, மிஞ்சியது இரண்டு பொடியன்கள். மூத்தவன் ஏமொஸ், இளையவன் நாதன்.

"நாதனோ? எங்கட ஆக்கள் மாதிரி."

அந்த நாதன்தான் பொன் என்று கேள்விப்பட்டுக் கப்பல் ஏறியவன். போனவன் ஒரு கடுதாசி போடவில்லை. தகப்பன் எலியா காணியை இரண்டாகப் பிரித்து, நாதனுடைய பாதியை ஒருவரையும் உழவிடாமல் வைத்திருந்தார். அதில் காடு ஏறியது. ஏமொஸ் தன் பாதியில் கல் பொறுக்கி, தாயையும் தகப்பனையும் பார்த்து, தன் பிள்ளைகளையும் பட்டினியோடு வளர்த்தான். இதை எங்களுக்கு எழுதியது ஏமொஸின் வழியில் வந்த ஒரு பெண். அவள் ஒரு படமும் அனுப்பியிருந்தாள். தோட்டத்து மூலையில் குடும்பத்தின் நினைவுக் கற்கள், வயலில் கிளம்பிய கல்லிலேயே வெட்டியவை. எலியா, அவர் மனைவி, சின்னப் பிள்ளைகள். தாயின் கல்லோடு ஒட்டி இன்னொரு கல் இருந்தது. அதில் நாதனின் பெயரும் பிறந்த வருடமும் வெட்டியிருந்தன. இறந்த வருடத்துக்கு உரிய இடம் வெறுமையாக இருந்தது.

நீங்கள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையில் அந்த வெறும் இடத்தை விரலால் தடவிப் பார்த்தீர்கள். பட்ட விரலுக்குப் படம் பெரிதாகிப் பெரிதாகிக் கடைசியில் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது.

"பாத்தியோ," என்றீர்கள் என்னிடம். "எழுதாமல் இருந்தவனே தவிர, செத்துப்போகேல்லை. இங்க வந்து கலியாணம் கட்டி, பிள்ளை குட்டியோட இருந்திருக்கிறான். அந்த வம்சத்திலதானே நீ பொம்பிளை எடுத்தனி!"

"அவன் ஒரு பொறுப்பில்லாதவன் அம்மா. பெத்த தாய்க்கு ஒரு வரி எழுதேல்லை."

"எழுதாட்டில் போகட்டும். உயிரோட இருந்தானே."

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வேன். காடு பிடித்த அந்தப் பாதிக் காணியைப் பற்றி வாசித்தபோதே வன்னியில் கிடக்கிற நம் வயல் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. ரூபனின் பங்கென்று ஒருவருக்கும் செய்கைக்குக் கொடுக்காமல் பற்றை வளர்த்தவர் நீங்கள். அதோடு ஏமொஸையும் நினைத்தேன். நீங்களும் ஹெலனும் நாதன், நாதன் என்றே கதைத்தீர்கள். நிலத்தில் நின்று முதுகு ஒடிந்தவனைப் பற்றி ஒரு கேள்வி கேட்கவில்லை. உங்களை மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போய், குளிசை எடுத்துத் தந்து, கால் பிடித்துவிட்டவன் நான். ஆனால் வாசலில் மணி அடித்தால் உங்கள் முகத்தில் வருகிற வெளிச்சம் எனக்காக ஒருநாளும் வந்ததில்லை அம்மா.

நாதன் பலராட்டுக்குப் பக்கத்தில் எப்போது செத்தார் என்பதை ஹெலன் கண்டுபிடித்தாள். அதை அமெரிக்காவுக்கு அனுப்பினால் அவர்கள் அந்தக் கல்லில் வெட்டி முடிப்பார்கள் என்று சந்தோசமாகச் சொன்னாள். நான் மொழிபெயர்த்து முடிக்க முன்னமே நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டீர்கள். "நோ, பிள்ளை. நோ டேட். ஸ்டோன் எம்ப்டி குட்." பிறகு என் பக்கம் திரும்பி, "பக்கத்தில தாய் படுத்திருக்கிறா எண்டு சொல்லு. அவவுக்குக் கேக்கிற மாதிரி உளியால அடிக்க வேண்டாம் எண்டு சொல்லு" என்றீர்கள். நான் சொன்னேன். ஹெலன் அழுதாள். அந்த வருடத்தை அவள் இன்றுவரை அனுப்பவில்லை.

அதன் பிறகுதான் அந்தக் கொள்ளிக் கதை. மருத்துவமனையால் திரும்பும்போது, காருக்குள், வீதியைப் பார்த்தபடி கேட்டீர்கள்.

"இங்க கொள்ளி எண்டால் எப்பிடி?"

"ஒரு பொத்தான் அம்மா. அமத்தினால் சரி."

"அதை நீ அமத்தக் கூடாது. எனக்குச் சின்னவன்தான் செய்யவேணும். நீ செய்தால், அவன் இல்லையெண்டு சபையில சொன்ன மாதிரிப் போயிடும்."

"அப்ப உங்களை என்ன செய்யிறது? அவன் வருமட்டும் ஃபிரிட்ஜுக்குள்ள வைச்சிருக்கிறதோ?"

வாயை விட்டுச் சிரித்தீர்கள். இருமல் வருமட்டும் சிரித்தீர்கள். "அது உன்ர பாடு" என்றீர்கள். அந்த மாதமே போய்விட்டீர்கள்.

உங்கள் செத்தவீட்டுக்கு நல்ல சனம். மண்டபத்துக்குள் நான் வேட்டியோடு நின்றேன். பின்னால் ஒரு அன்ரி மற்றவரிடம், "இளையவன் இல்லைத்தானே, பாவம், மூத்தவன் செய்யிறான்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. பெட்டிக்குள் இருந்த உங்கள் முகத்தைப் பார்த்தேன். நீங்கள் பயந்தது இதற்குத்தான். ஐயர் புதியவர், எங்களைத் தெரியாதவர். என் விரலில் தர்ப்பையைப் போட்டுவிட்டு, சங்கற்பத்துக்காகக் கேட்டார்.

"கர்த்தாவின்ர பேர், நட்சத்திரம்?"

"ரூபன்," என்றேன். "ரோகிணி நட்சத்திரம்."

பின்னால் பேச்சு நின்றது. ஹெலன் தலையை நிமிர்த்தினாள். ஐயர் ஒன்றும் அறியாமல் மந்திரத்துக்குள் அந்தப் பெயரை வைத்துச் சொல்லத் தொடங்கினார். சுண்ணம் இடித்ததும் வாய்க்கரிசி போட்டதும் குடத்தோடு உங்களைச் சுற்றி வந்ததும் என் உடம்பு. பெயர் அவனுடையது. கடைசியில் பொத்தானில் விரலை வைத்தபோது ஐயர் "ரூபன், அமத்துங்கோ" என்றார். அமத்தினேன். உங்கள் இளைய மகன்தான் உங்களுக்குக் கொள்ளி வைத்தான் அம்மா. அதற்குப் பிறகு சபையில் ஒருவரும் அவன் இல்லையென்று சொல்லவில்லை.

இதை ஒரு தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். அப்பாவின் நெருப்பு எனக்குக் கிடைக்கவில்லை. உங்களுடைய நெருப்பும் என் பெயரில் இல்லை. வீட்டுக்கு வந்து முழுகும்போது விழுகிற தண்ணீருக்குக் கீழே நின்று உங்களைத் திட்டினேன். பிறகு அழுதேன்.

போன மாதம் ஹெலனிடம் சொல்லி அமெரிக்காவுக்கு ஒரு கேள்வி எழுதினேன். ஏமொஸின் கல் எங்கே? படத்தில் அது இல்லையே? அந்தப் பெண் பதில் எழுதினாள். ஏமொஸுக்குக் கல் இல்லையாம். தம்பியின் கல் சரிந்துவிடாமல் கடைசிவரை நிமிர்த்திக்கொண்டிருந்தவன் அவன்தானாம். அவனை மதிலோரம் எங்கேயோ வைத்தார்கள். புல் வெட்ட வருகிறவர்கள் அந்த இடத்தில் மட்டும் மிதிக்காமல் சுற்றிப் போவார்களாம், அப்படித்தான் அவர்களுக்குச் சொல்லிவைத்திருக்கிறதாம். ஹெலன் வாசித்துவிட்டு என்னைப் பார்த்தாள். என் கோப்பையை எடுத்துக் கழுவினாள்.

நான் இன்று குசினியில் அந்த மணத்துக்குள் நின்றுகொண்டிருக்கும்போது தொலைபேசி அடித்தது. ஐயர். திவசத்துக்கு வேண்டிய சாமான்களைச் சொல்ல எடுத்திருந்தார். அவருக்கு என்னை ஒரே பெயரில்தான் தெரியும். கோயிலில் கண்டால் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார், நானும் திரும்பிப் பார்ப்பேன். இந்த ஊரில் ஒருவருடைய தொலைபேசியிலாவது உங்கள் சின்னவன் உயிரோடு இருக்கிறான். அவனுக்கு வயது போகிறது, தலை நரைக்கிறது, தாய்க்குத் திவசம் செய்கிறான். நான் இருக்குமட்டும் அவனை விடமாட்டேன். எனக்குப் பிறகு என்ன என்று கேட்காதீர்கள்.

"ரூபன் தம்பியோ?" என்றார் ஐயர்.

"ஓம் ஐயா," என்றேன். "ரூபன்தான் கதைக்கிறன், சொல்லுங்கோ."